மரணப் பள்ளத்தாக்கில் ஒரு பகல்



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒரு தாயின் கடிதம் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. அவருடைய மகளும் மருமகனும் அமெரிக்காவில் லாஸ் வெகாஸ் நகரில் இருக்கிறார்கள். ஜூன் மாதக் கடைசியில் அங்கே போகும் இவர், டிசம்பர் முடியும் வரை தங்கப் போகிறார். மருமகனுக்கு லீவு கிடைப்பது ஜூலையில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை. அந்த லீவில் ஒரு நாள் காலையில் புறப்பட்டு, இரவுக்குள் வீடு திரும்பும்படியாக 'டெத் வெலி' என்ற பாலைவனத் தேசியப் பூங்காவுக்குப் போக வீட்டில் பேச்சு நடக்கிறதாம்.

"பெயரே மரணப் பள்ளத்தாக்கு. எனக்குப் பயமாக இருக்கிறது. பேரப்பிள்ளைகளோ, உலகத்திலேயே சூடான இடத்தை அதன் உச்சச் சூட்டில் பார்க்க வேண்டும், ஜூலையில்தான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். சின்னவனுக்கு நான்கு வயது. நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, பயப்படாமல் போங்கள். ஆனால் ஜூலையில் போகாதீர்கள், டிசம்பரில் போங்கள். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் அடங்க மாட்டார்கள். ஆகவே காரணங்களையும் எழுதுகிறேன். வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்தப் பெயர் வந்த கதை. 1849ஆம் ஆண்டு, கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறதென்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கானோர் மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்களில் ஒரு கூட்டத்தார் வழக்கமான பாதையில் போனால் நாளாகும் என்று நினைத்து, குறுக்குவழி என்று யாரோ சொன்ன பாதையில் திரும்பினார்கள். அது அவர்களை இந்தப் பள்ளத்தாக்குக்குள் கொண்டுவந்து மாட்டிவிட்டது. வண்டிகளை உடைத்து விறகாக்கி, இழுத்து வந்த மாடுகளை அறுத்துச் சாப்பிட்டு, பல வாரம் தவித்துத்தான் வெளியேறினார்கள். பள்ளத்தாக்குக்குள் இறந்தவர் ஒருவர் என்றே வரலாறு சொல்கிறது. மலையேறித் தப்பியவர்கள் திரும்பிப் பார்த்து இட்ட பெயர்தான் மரணப் பள்ளத்தாக்கு. ஆக, அந்தப் பெயரைப் பெற்றுக் கொடுத்தது வெயில் அல்ல, குறுக்குவழி. அது நடந்ததும் குளிர்காலத்தில்தான்.

அந்த இடத்துக்குச் சொந்தக்காரர்கள் வேறு. டிம்பிஷா ஷொஷோனி என்ற பழங்குடி மக்கள் எத்தனையோ தலைமுறையாக அங்கே வாழ்ந்து வருகிறார்கள். 'மரணம்' என்ற பெயர் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தின் மூலம் அவர்களுடைய நிலத்தில் ஒரு பகுதி அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது. அம்மக்களின் பழைய வழக்கத்தைக் கவனியுங்கள். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் அடியில் தங்குவார்கள், கோடை வந்ததும் மலைக்கு ஏறிவிடுவார்கள். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்களே ஜூலையில் கீழே இருப்பதில்லை. நாம் நான்கு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த மாதத்தில் அங்கே இறங்குவது எந்த விதத்தில் புத்திசாலித்தனம்?

இனிக் கணக்கைப் பார்ப்போம். 1913ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் திகதி அங்கே பதிவான வெப்பம் 56.7 பாகை செல்சியஸ். உலகச் சாதனையாக இன்றும் ஏட்டில் இருப்பது அதுதான். ஜூலையில் சாதாரணமாகவே பகல் வெப்பம் 47 பாகை வரை போகும். இரவிலும் 30 பாகை அளவில் இருக்கும். டிசம்பரில் பகலில் 18 பாகை, இரவில் 4 பாகை அளவில் இருக்கும். நுவரெலியாவுக்குப் போவது போல ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஜூலையில் அங்கு போகிறவர்கள் பலர், பூங்கா அலுவலகத்துக்கு முன்னால் உள்ள பெரிய வெப்பமானியின் பக்கத்தில் நின்று படம் எடுப்பதற்காகவே போகிறார்கள். 2024 ஜூலை 6ஆம் திகதி வெப்பம் 53 பாகையைத் தாண்டியது. அன்று மோட்டார் சைக்கிளில் வந்த ஆறு பேரில் ஒருவர் அங்கேயே இறந்தார். இன்னொருவர் கடும் நிலையில் லாஸ் வெகாஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நோயாளியை ஏற்றும் ஹெலிகொப்டரை அனுப்பவும் முடியவில்லை. வெப்பம் 49 பாகையைக் கடந்தால் காற்று இலேசாகிவிடுவதால் ஹெலிகொப்டரால் பத்திரமாகப் பறக்க முடியாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். உதவி அதிகம் தேவைப்படும் நேரத்திலேதான் அங்கு உதவி வர முடியாமல் போகிறது.

ஜூலை லீவை வீணாக்க வேண்டியதில்லை. டிம்பிஷா மக்கள் செய்தது போல மலைக்குப் போங்கள். லாஸ் வெகாஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சார்ல்ஸ்டன் மலைப் பக்கம் போகலாம். நகரம் கொதிக்கும்போது அங்கே குளிர்ச்சியாக இருக்கும்.

டிசம்பரில் போனால் ஆபத்தே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அது வேறு விதம். அந்தப் பூங்காவில் வெப்பத்தால் இறந்தவர்களைவிடத் தனி வாகனம் தடம்புரண்டு இறந்தவர்களே அதிகம் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. பாதை நேராக, வெறிச்சோடிக் கிடக்கும். எதிரே வாகனம் வராது. கால் தானாகவே வேகத்தைக் கூட்டிவிடும். டிசம்பரில் மாலை நான்கரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பார்க்க வேண்டிய இடங்கள் பாக்கி, இருட்டப் போகிறது, வீடு தூரம் என்ற அவசரத்தில்தான் மனிதன் வேகத்தைக் கூட்டுகிறான், குறுக்குவழி தேடுகிறான். ஒருநாள் பயணத்தின் உண்மையான எதிரி இந்த அவசரம்.

1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு குடும்பம், பெரியவர்கள் இருவரும் பிள்ளைகள் இருவரும், வாடகை வேனில் இந்தப் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். மலையைக் கடந்து போகும் ஒரு மண் பாதையில் போகப் போவதாக வழியிலிருந்த குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஒக்டோபரில் ஆளில்லாத ஓர் ஓடைப் பள்ளத்தில், டயர்கள் காற்றிறங்கிய நிலையில் வேன் மட்டும் கிடைத்தது. அங்கிருந்து பல மைல் தள்ளிப் பெரியவர்களின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டது 2009 நவம்பரில். பதின்மூன்று வருடம்! அதே 2009இல் ஓகஸ்ட் மாதம், வழிகாட்டும் கருவியை நம்பி ஆளில்லாப் பாதையில் திரும்பிய ஒரு தாயின் வாகனம் மணலில் புதைந்தது. சில நாள்களுக்குப் பிறகு ரேஞ்சர் வந்து சேர்ந்தபோது தாய் உயிருடன் இருந்தார். கூட வந்த சிறு மகன் இறந்திருந்தான். இதை எழுதும்போது எனக்கே கை நடுங்குகிறது. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. 1849இல் செய்த அதே பிழையைக் கருவியும் வரைபடமும் கையில் உள்ளவர்களும் செய்யலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

ஆகவே திட்டத்தை வீட்டிலேயே, சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு போடுங்கள். எவற்றைப் பார்ப்பது என்பதைவிட எவற்றை விட்டுவிடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கண்டத்து அமெரிக்காவின் 48 மாநிலங்களில் உள்ள தேசியப் பூங்காக்களில் இதுவே மிகப் பெரியது. ஒரு நாளில் முழுவதையும் பார்க்க யாராலும் முடியாது. நான் சொல்லும் ஒழுங்கு இது:

காலை 6.30: சுபஹ் தொழுது, பசியாறி, வீட்டிலிருந்து புறப்படுங்கள். பூங்காவின் நடுவிலுள்ள ஃபேர்னஸ் கிரீக்குக்கு ஏறக்குறைய 120 மைல், அதாவது 190 கிலோமீற்றர். வழியில் பரம்ப் என்ற ஊரில் பெற்றோல் தாங்கியை நிரப்பிவிடுங்கள். பூங்காவுக்குள்ளும் எரிபொருள் உண்டு, ஆனால் விலை கூட.

காலை 9.00: சப்ரிஸ்கி பொயின்ட். தங்க நிறத்தில் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் களிமண் குன்றுகள். காலை வெளிச்சத்தில் மிக அழகாக இருக்கும். கொஞ்சத் தூரம்தான் நடக்க வேண்டும்.

காலை 10.00: ஃபேர்னஸ் கிரீக்கிலுள்ள அலுவலகம். கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் இங்கே உண்டு. அனுமதிக் கட்டணத்துக்கு வங்கி அட்டை எடுத்துச் செல்லுங்கள். 2023 முதல் காசாக வாங்குவதில்லை. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று ரேஞ்சரிடம் வாயால் கேளுங்கள். 2023 ஓகஸ்ட் 20ஆம் திகதி ஹிலரி புயலால், ஒரு வருடத்து மழை அங்கே ஒரே நாளில் கொட்டியது. பாதைகள் அடித்துச் செல்லப்பட்டு, ஒக்டோபர் நடுப்பகுதி வரை பூங்காவே மூடப்பட்டிருந்தது. பாலைவனத்தில் வெள்ளமும் வரும்.

காலை 11.00: பேட்வோட்டர். கடல் மட்டத்துக்கு 86 மீற்றர் கீழே, வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்ந்த இடம். கண்ணுக்கு எட்டும்வரை வெள்ளை உப்பு. வாகனத் தரிப்பிடத்தில் நின்று பக்கத்து மலைச் சுவரை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். 'கடல் மட்டம்' என்று எழுதிய பலகை தலைக்கு மேலே மிக உயரத்தில் தெரியும். பிள்ளைகள் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள்.

பகல் 12.30: திரும்பி வரும் வழியில் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ். ஒன்பது மைல் ஒருவழிப் பாதை. பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு என்று பாறைகள் நிறம் காட்டும். வாகனத்துக்குள் இருந்தே பார்க்கலாம்.

பகல் 1.30: மீண்டும் ஃபேர்னஸ் கிரீக். பகல் சாப்பாடு, தொழுகை, ஓய்வு. உங்களுடையது பயணத் தூரமாகையால் லுஹரையும் அசரையும் சேர்த்துச் சுருக்கித் தொழலாம். இங்கே தண்ணீர் இருப்பதால் வுழூவுக்குச் சிரமமில்லை. எங்காவது தடைப்பட்டு, இருக்கும் தண்ணீர் குடிக்கத்தான் போதும் என்ற நிலை வந்தால் தயம்மும் செய்துகொள்ளுங்கள். பிள்ளையின் தாகத்துக்கு உரிய தண்ணீரைத் தொடாதீர்கள்.

மாலை 3.00: புறப்பாடு. இது கல்லில் செதுக்கிய நேரம். இருட்டுவதற்குள் பரம்ப் ஊருக்கு வந்துவிடலாம். மணல்மேடு பார்க்கவில்லையே, டன்டேஸ் வியூ ஏறவில்லையே என்று பிள்ளைகள் சிணுங்கினால், அவை இன்னொரு பயணத்துக்கு என்று சொல்லிவிடுங்கள். நேரம் போதாவிட்டால் இடத்தைக் குறையுங்கள். பாதையைக் குறைக்காதீர்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஆளுக்கு நான்கு லீற்றர் தண்ணீர். சின்னவனுக்கும் ஒரு பங்கு. எல்லாவற்றையும் ஒரே பெரிய கலனில் ஊற்றாமல் பல போத்தல்களில் பிரித்து வையுங்கள். ஒன்று ஒழுகினாலும் மற்றவை இருக்கும். ரொட்டியும் சீனிச் சம்பலும், அவித்த முட்டை, உப்பு பிஸ்கட், பேரீச்சம்பழம், தோடம்பழம் போதும். தேங்காய்ப் பால் கறி பயணத்துக்கு ஆகாது. தொப்பி, ஸ்வெட்டர், மூடிய சப்பாத்து, டோர்ச், காகிதத்தில் அச்சிட்ட வரைபடம் ஆகியனவும் வேண்டும். கைத்தொலைபேசிக்கு அங்கே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. மேலதிக டயரில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று மருமகன் முதல்நாளே பார்க்கட்டும். எல்லோரும் ஆசனப்பட்டி போட்டிருக்க வேண்டும். மலையிறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் இறங்கச் சொல்லுங்கள்.

வாகனம் பழுதாகி நின்றால் அதைவிட்டு நடக்காதீர்கள். தேடி வருபவர்களுக்கு நடந்து செல்லும் மனிதனைவிட நிற்கும் வாகனம் சீக்கிரம் கண்ணில் படும். தார் போட்ட பாதையை விட்டு இறங்காதிருந்தால், வேறு யாராவது அந்த வழியே வருவார்கள்.

கடைசியாக ஒன்று. புறப்படும் முன் ஒரு தாளில், எந்தப் பாதையால் போகிறோம், எங்கெங்கே நிற்போம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், இரவு எட்டு மணிக்குள் தகவல் வராவிட்டால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று எழுதி, பக்கத்து வீட்டாரிடமோ நம்பிக்கையான ஒரு நண்பரிடமோ கொடுங்கள். எழுதிய பிறகு பாதையை மாற்றாதீர்கள். அந்தத் தாளைச் சகோதரி, நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள். உம்மும்மா எழுதியது என்றால் பேரப்பிள்ளைகளும் மதிப்பார்கள், மருமகனும் மூன்று மணிக்கு மறுபேச்சின்றி வண்டியைத் திருப்புவார்.

உப்பு வெளியில் நின்று அந்தப் பலகையை அண்ணாந்து பார்க்கும்போது எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் ஒரு கடிதம் போடுங்கள். மற்றச் சகோதரிகளும் வாசிக்கட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.