கப்பலுக்கு வழி இருக்கு, லாரிக்கு எங்கே?

சென்னை, -
கப்பலில் இருந்து கண்டெய்னரை கிரேன் சில நிமிடத்தில் இறக்கிவிடும். அதை ஊரைத் தாண்டிக் கொண்டு போவதுதான் பெரும்பாடு! வடசென்னை ரோட்டில் டிரெய்லர்கள் வரிசை கட்டும். டிரைவருக்குத் தூக்கம் போச்சு. குடியிருப்போருக்கு வழி போச்சு.

இதற்காகவே துறைமுகம்-மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் பிரதமர் மன்மோகன்சிங் அடிக்கல் நாட்டினார். கூவத்தில் தூண்கள் எழுந்தன. ஆற்றோட்டம் தடைபடும் என்று 2012-ல் மாநில அரசு வேலையை நிறுத்தியது.

மீண்டும் அடிக்கல்

2022 மே மாதம் பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். இந்த முறை ஈரடுக்குப் பாலம். நீளம் சுமார் 21 கிலோ மீட்டர். செலவு ரூ.5,850 கோடிக்கு மேல்!

துறைமுகம் மத்திய அரசு கையில். ஆறு மாநில அரசு கையில். இருவரும் முதலிலேயே கலந்து பேசாவிட்டால், நிபுணர் போடும் திட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.