கொடியேற்றும் இரண்டு நாட்கள்



ஆகஸ்ட் 15 அன்று எங்கள் குடியிருப்பில் கொடியேற்றி முடிந்ததும், கையில் மிட்டாயோடு ஒரு சிறுவன் என்னிடம் வந்தான். "அங்கிள், ஜனவரியிலும் கொடி ஏற்றினோமே, சுதந்திரம் இரண்டு தடவை கிடைத்ததா?" என்று கேட்டான். நான் சிரித்தேன். ஆனால், நம் பெரியவர்களில் பலருக்கும் இதற்கு விடை தெரியாது.

இவ்விரு நாட்களில் மூத்தது ஜனவரி 26. 1929 டிசம்பரில் ஜவஹர்லால் நேரு தலைமையில் லாகூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு, முழு விடுதலையே இலக்கு என்று தீர்மானித்தது. அதன்படி 1930 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமையன்று, நாடெங்கும் மக்கள் கூடிக் கொடியேற்றி உறுதிமொழி எடுத்தனர். விடுதலை கிடைப்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் சுதந்திர தினம் கொண்டாடினார்கள்!

ஆகஸ்ட் 15-ஐ நம் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. 1948 ஜூனுக்குள் ஆட்சியை ஒப்படைப்பதாக பிரிட்டிஷ் பிரதமர் அட்லி அறிவித்திருந்தார். வைஸ்ராய் மவுண்ட்பேட்டனோ 1947 ஆகஸ்ட் 15 என்று நாள் குறித்தார். ஜப்பான் சரணடைவதாக அறிவித்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு அது. அவசரமாய் வந்த அந்த விடியலோடு பிரிவினையின் கண்ணீரும் வந்தது. டெல்லி விழாக்கோலம் பூண்டிருந்த அன்று, காந்தியடிகள் கல்கத்தாவில் உபவாசமிருந்தார்.

எனினும், மக்கள் தேர்ந்தெடுத்த நாளைத் தலைவர்கள் மறக்கவில்லை. அரசியலமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26 அன்றே ஏற்கப்பட்டது. ஆயினும் அது முழுமையாக நடைமுறைக்கு வர 1950 ஜனவரி 26 வரை காத்திருந்தார்கள்.

அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு, இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் குடிமக்களுக்கு உரிமை அளிக்கிறது. பிழைப்பைத் தேடி, மொழி தெரியாத நகரத்திற்கு வந்த நமக்கு இது வெறும் ஏட்டுச் சொல் அல்ல. "வெளியூர்க்காரன்" என்று யாரேனும் ஏளனமாய்ச் சொன்னால் நம் பிள்ளைகள் தலைகுனிய வேண்டியதில்லை. அதே உரிமை, எதிர்வீட்டில் குடியேறியிருக்கும் வேறு மாநிலக் குடும்பத்திற்கும் உண்டு. அவர்களை நாம் எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பதையும் நம் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அச்சிறுவனிடம் இப்படிச் சொன்னேன்: "ஆகஸ்டில் அந்நியர் ஆட்சி முடிந்தது, தம்பி. ஜனவரியில் நம் உரிமைகள் சட்டமாயின. அதனால்தான் இரண்டு நாளும் கொடி ஏற்றுகிறோம்."

அடுத்த கொடியேற்றத்திற்கு முன், உங்கள் பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி இதைச் சொல்லிக்கொடுங்கள்.