நினைவகம் அறிவோம்

2011ஆம் ஆண்டு தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அன்று தந்தவற்றில் நினைவகம் 2 ஜிபி. வன்தட்டு 320 ஜிபி. அத்தகைய கணினி மெதுவானதும், "பழுது" என்று மூலையில் வைப்பது முறையா? முறையன்று!

நினைவகம் வேலை செய்யும் மேசை, வன்தட்டு நெற்குதிர். படங்களை அழித்தால் குதிரில்தான் இடம் கிடைக்கும், மேசையில் அன்று. மேசை நிரம்பினால் கணினி வன்தட்டை நாடும். அது, செம்மேட்டிலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி ஏறுவது போன்றது!

எந்த மென்பொருள் மேசையை அடைக்கிறது என்பதை டாஸ்க் மேனேஜர் காட்டும். வேண்டாதவற்றை மூடுவோம், தாமே தொடங்குபவற்றை நிறுத்துவோம். கருவி தருவது மட்டும் போதாது. அதனை ஆளும் அறிவையும் கொல்லிமலைப் பள்ளிகள் முதல் கல்லூரிகள் வரை கற்பித்தல் வேண்டும்!