வகாண்டா: இல்லாத நாட்டுக்கு எழுந்த கரவொலி

சித்திரக்கதை நாயகர்களை வைத்து ஹொலிவூட் தயாரிக்கும் படங்களைப் பற்றிக் கனதியாக எழுதுவது நேரவிரயம் என்று கருதுவோர் எம்மிடையே பலர். விசித்திரமான உடை அணிந்த ஒருவர் வானில் பறந்து, நகரொன்றின் பாதியை இடித்து, எஞ்சிய பாதியைக் காப்பாற்றும் கதைகளில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்ற அவர்களது கேள்வி பெரும்பாலான படங்களைப் பொறுத்தவரை நியாயமானதே. ஆயினும் ஒரு படத்தின் சமூகப் பெறுமதியை அறிவதற்குத் திரையை மட்டும் பார்த்தால் போதாது. திரைக்கு எதிரே அமர்ந்திருந்தவர்களையும் பார்க்க வேண்டும். 2018 பெப்ரவரியில் வெளியான 'பிளாக் பாந்தர்' திரைப்படத்தை இன்று திரும்பிப் பார்க்கையில், திரையில் நிகழ்ந்ததைவிடப் படமாளிகைகளிலும் அவற்றுக்கு வெளியிலும் நிகழ்ந்தவையே அதிகம் பேசத்தக்கவை என்று தோன்றுகிறது.

அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் அந்தப் படத்துக்குக் குடும்பம் குடும்பமாகச் சென்றார்கள். பலர் மேற்கு ஆபிரிக்க அங்கிகளும் தலைப்பாகைகளும் அணிந்து, திருமண வீட்டுக்குச் செல்வதுபோலச் சென்றார்கள். படமாளிகை வாசல்களில் மேளம் கொட்டி ஆடினார்கள். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதிச் சிறுவர்களைப் படம் பார்க்க அனுப்புவதற்கு 10,000 டொலர் இலக்குடன் ஓர் இளைஞர் தொடங்கிய நிதிசேகரிப்பு, இலக்கைப் பல மடங்கு தாண்டியதோடு, வேறு பல நகரங்களிலும் அதைப் பின்பற்றி நிதி திரட்டப்பட்டது. நடிகை லுபிட்டா நியோங்கோவின் குடும்பத்தின் ஊரான கென்யாவின் கிசுமுவில், அவரது தந்தை ஆளுநராக இருந்த வேளையில், சிறப்புத் திரையிடல் நடைபெற்றது. சவூதி அரேபியாவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மூடிக் கிடந்த படமாளிகைக் கதவுகள் 2018 ஏப்ரல் 18ஆம் திகதி றியாத்தில் மீண்டும் திறக்கப்பட்டபோது காட்டப்பட்டதும் இந்தப் படமே. நெஞ்சின் குறுக்கே இரு கைகளையும் மடித்து வைக்கும் வகாண்டா வணக்கத்தை, கோல் அடித்த மகிழ்ச்சியில் மான்செஸ்டர் யுனைட்டட் வீரர்கள் லிங்கார்டும் பொக்பாவும் மைதானத்திலேயே செய்து காட்டினார்கள்.

எதிர்வினைகள் எல்லாமே இனிமையாக இருந்தன என்றும் சொல்வதற்கில்லை. முதல் வார இறுதியிலேயே, படம் பார்க்கச் சென்ற வெள்ளையர்களைக் கறுப்பினத்தவர் தாக்கியதாகச் சமூக ஊடகங்களில் சிலர் பொய்ச் செய்திகளைப் பரப்பினர். வேறு சம்பவங்களில் எடுக்கப்பட்ட புகைப்படங்களை அதற்குச் சான்றாகவும் இணைத்தனர். பொய் அம்பலமாவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. ஆனால் ஒரு மக்கள் கூட்டம் ஓரிடத்தில் கூடி மகிழ்ந்திருப்பதையே பொறுக்கமாட்டாதவர்கள் இருக்கிறார்கள் என்பதை அது காட்டிற்று.

வசூலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுமார் 20 கோடி டொலர் செலவில் எடுக்கப்பட்ட படம், அமெரிக்காவிலும் கனடாவிலும் மாத்திரம் 70 கோடி டொலரையும், உலகெங்கும் 130 கோடி டொலருக்கும் அதிகமாகவும் ஈட்டியது. கறுப்பின நடிகர்களை முதன்மையாகக் கொண்ட படங்கள் வெளிநாடுகளில் விலைபோகா என்று ஹொலிவூட் வணிகர்கள் நெடுங்காலமாகக் கூறிவந்த சூத்திரம் இதனால் உடைந்தது. 2019 பெப்ரவரியில் மூன்று ஒஸ்கார் விருதுகளும் கிடைத்தன. ஆடை வடிவமைப்புக்காக ரூத் கார்ட்டரும், தயாரிப்பு வடிவமைப்புக்காக ஹனா பீச்லரும் விருது பெற்றனர். அவ்விரு பிரிவுகளிலும் ஆபிரிக்க அமெரிக்கர் ஒருவர் வென்றது அதுவே முதற்தடவை.

இத்தனை ஆரவாரம் ஏன் எழுந்தது? கறுப்பின நாயகன் ஒருவனைத் திரையில் கண்ட மகிழ்ச்சி என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. அது போதாது என்பது என் கருத்து. 1998இலேயே வெஸ்லி ஸ்னைப்ஸ் 'பிளேட்' படத்தில் சித்திரக்கதை நாயகனாக நடித்து வெற்றியும் பெற்றுவிட்டார். அப்போது எவரும் மேளம் கொட்டிப் படமாளிகைக்குச் சென்றதாகத் தெரியவில்லை. 2018இல் மக்கள் கைதட்டியது நாயகனைவிட அவனது நாட்டுக்கே என்று நான் எண்ணுகிறேன்.

வகாண்டா என்பது 1966இல் ஸ்டான் லீயும் ஜக் கேர்பியும் தமது சித்திரக்கதைக்காகக் கற்பனை செய்த ஆபிரிக்க நாடு. அந்நியர் எவரும் அதை அடிமைப்படுத்தியதில்லை. அதன் கனிவளத்தை எவரும் அள்ளிச் சென்றதில்லை. அதன் பிள்ளைகளை எவரும் கப்பலில் ஏற்றியதில்லை. அதனாலேயே அது உலகின் அறிவியலில் முதலிடத்தில் இருக்கிறது. வறுமை, பஞ்சம், கொள்ளைநோய், உள்நாட்டுப் போர் என்ற நான்கு படங்களையே ஆபிரிக்காவைப் பற்றி மாறி மாறிக் கண்டுவந்த கண்களுக்கு இது வேறொரு காட்சி. 'எம்மை எவரும் தொடாமல் விட்டிருந்தால் நாம் எப்படி இருந்திருப்போம்?' என்ற கேள்விக்கு வரலாறு விடை தருவதில்லை. கற்பனையில் ஒரு விடையைக் கண்டபோது மக்கள் எழுந்து நின்று கரவொலி எழுப்பினார்கள்.

அந்தக் கற்பனைக்கு உடல் கொடுத்தவர்கள் உண்மையான பொருள்களைக் கொண்டே அதைச் செய்தார்கள். தாய் அரசி அணிந்திருந்த அகன்ற தொப்பி, மணமான சூலுப் பெண்களின் மரபுத் தொப்பியிலிருந்து வந்தது. எல்லைக் காவலர் போர்த்தியிருந்தவை லெசோத்தோ நாட்டுக் கம்பளிப் போர்வைகள். அரசனின் பெண் காவற்படை, இன்று பெனின் எனப்படும் நாட்டில் இருந்த டஹோமி அரசின் பெண் போராளிகளை நினைவூட்டுவது. வகாண்டாவின் மொழியாக ஒலித்தது நெல்சன் மண்டேலாவின் தாய்மொழியான ஹோசா. அதை இந்தக் கதைக்குள் கொண்டுவந்தவர் அரசனின் தந்தையாக நடித்த ஜோன் கனி. நிறவெறி ஆட்சிக் காலத்தில் தென்னாபிரிக்க எதிர்ப்பு அரங்கில் நின்று, 1975இல் அமெரிக்காவின் டோனி விருதைப் பெற்ற மூத்த நாடகக் கலைஞர். தம் மொழி கோடிக்கணக்கான டொலர் செலவிட்ட ஒரு படத்தில் அரசர்களின் மொழியாக ஒலிப்பதைக் கேட்பது என்பது, மொழியின் பெயரால் அவமதிக்கப்பட்ட எவருக்கும் விளங்கக்கூடிய மகிழ்ச்சி.

மகிழ்ச்சியோடு மட்டும் பார்வையாளர்கள் வெளியே வரவில்லை. ஒரு வாதத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். படத்தின் பெரும் சிறப்பு அதுவே.

வகாண்டாவின் இளவரசன் ஒருவனுக்கும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணுக்கும் கலிபோர்னியாவின் ஒக்லாண்ட் நகரில் பிறந்தவன் எரிக் கில்மொங்கர். அந்த நகரம் தற்செயலாகத் தெரிவு செய்யப்பட்டதல்ல. நெறியாள்கை செய்த ரயன் கூக்லர் பிறந்த ஊர் அது. 1966 ஒக்டோபரில் 'பிளாக் பாந்தர்' என்ற அதே பெயருடைய கறுப்பின அரசியல் கட்சி உருவான ஊரும் அதுவே. எரிக்கின் தந்தையை, சொந்தச் சகோதரனான வகாண்டா அரசனே கொன்றுவிட்டு, சிறுவனை அங்கேயே கைவிட்டுச் செல்கிறான். வளர்ந்து படைவீரனாகித் திரும்பிவரும் எரிக் கேட்கும் கேள்வி எளிமையானது: உலகெங்கும் எமது இனத்தவர் அடிமைகளாக வதைபட்டபோது, இத்தனை வலிமையுடைய நீங்கள் ஏன் ஒளிந்திருந்தீர்கள்?

இந்தக் கேள்விக்குப் படத்தில் எவராலும் விடை சொல்ல முடியவில்லை. ஆதலால் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களுள் பலர் நாயகனை விட்டுவிட்டு வில்லனின் பக்கம் நின்றார்கள். எரிக் சொன்னதே சரி என்று எழுதினார்கள். அவனது வழி பிழை, கேள்வி சரி என்றார்கள் வேறு சிலர். ஆயுதங்களை உலகெங்கும் அனுப்பி ஒடுக்கியவர்களை ஒடுக்கப் புறப்படுபவன், தன்னை நேசித்த பெண்ணையே சுட்டுக் கொல்பவன், எப்படி விடுதலை தருவான் என்று திருப்பிக் கேட்டார்கள் இன்னும் சிலர். பாதுகாப்பாக வாழ்ந்தவர்கள் கைவிடப்பட்டவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் என்ன, அதைக் கேட்டுப் பெறுவதற்கு எந்த வழி தகும் என்ற இந்த வாதம் எம்மவர்க்கு அந்நியமானதல்ல. ஒரு சித்திரக்கதைப் படம் அதை உணவு மேசைகளுக்குக் கொண்டுவந்தது என்பதே வியப்பு.

படத்தில் வரும் நூதனசாலைக் காட்சியும் அவ்வாறே பேசப்பட்டது. இலண்டனில் உள்ளதாகக் காட்டப்படும் கற்பனை நூதனசாலை ஒன்றில், ஆபிரிக்கப் பொருள்கள் விற்பனைக்கு அல்ல என்று சொல்லும் காப்பாளரிடம், உங்கள் மூதாதையர் இவற்றை விலைகொடுத்தா வாங்கினார்கள் என்று எரிக் கேட்கிறான். 1897இல் பிரித்தானியப் படைகள் இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரைச் சூறையாடி எடுத்துச் சென்றவற்றுள் பிரித்தானிய நூதனசாலையில் இருப்பவை மாத்திரம் 900க்கும் அதிகம். 2021இல் பிரான்ஸ், டஹோமி அரண்மனையிலிருந்து கொண்டுசென்ற 26 பொருள்களைப் பெனின் நாட்டுக்குத் திருப்பியது. 2022இல் ஜேர்மனி, பெனின் நகர வெண்கலங்கள் 20ஐ நைஜீரியாவிடம் கையளித்தது. இவற்றைப் படமே சாதித்தது என்று சொன்னால் அது மிகை. அதற்கான போராட்டம் பல தசாப்தங்கள் பழைமையானது. ஆனால் நூதனசாலை வல்லுநர்கள் தமக்குள் பேசிக்கொண்டிருந்த விடயத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும்படி செய்தது அந்தச் சில நிமிடக் காட்சி.

இலங்கையருக்கும் இதில் பங்குண்டு. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது எடுத்துச் சென்ற பீரங்கி உட்பட ஆறு பொருள்கள் 2023 டிசம்பரில் கொழும்பு தேசிய நூதனசாலைக்குத் திரும்பி வந்தன. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கண்டெடுக்கப்பட்டதாகக் கூறப்படும் தாரா தேவியின் பொன்முலாமிட்ட சிலையோ இன்னமும் இலண்டனில்தான் நிற்கிறது.

படத்தை விமர்சித்தவர்களும் உள்ளனர். அவர்களைப் புறந்தள்ளிவிட முடியாது. கென்யாவின் கேலிச்சித்திரக்காரரும் பத்தி எழுத்தாளருமான பற்றிக் காதாரா, இது ஆபிரிக்காவைப் பற்றிய பழைய கொலனித்துவப் பார்வையையே புதுப் பூச்சுடன் தருகிறது என்று கண்டித்தார். அவரது கண்டனத்தில் உண்மையுண்டு. அத்தனை அறிவியல் வளர்ச்சி கண்ட நாடு, தன் ஆட்சியாளரை நீர்வீழ்ச்சி ஓரத்தில் கைகலந்து ஏன் தெரிவு செய்ய வேண்டும்? மற்றொரு குறையும் உண்டு. வகாண்டாவின் நண்பனாகப் படத்தில் வருபவர் ஒரு சி.ஐ.ஏ. அதிகாரி. 1960இல் கொங்கோவின் பிரதமர் லுமும்பாவைக் கொல்வதற்குத் திட்டம் தீட்டிய நிறுவனம் அது என்பதை, 1975இல் அமெரிக்க செனட் குழுவே பதிவு செய்திருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்த ஆபிரிக்கர், அந்த அதிகாரி வீரனாகும் காட்சியில் கைதட்டியிருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எவருக்கும் அடிமைப்படாத அந்த நாட்டின் உரிமைப்பத்திரம் டிஸ்னி நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கிறது. வகாண்டா சட்டை ஒவ்வொன்றும் விற்கப்பட்டபோது இலாபம் சென்றது அங்கேயே.

இவை அனைத்தையும் ஏற்றுக்கொண்ட பின்னரும், விமர்சகர்கள் சிலரின் தொனியோடு எனக்கு உடன்பாடில்லை. சந்தை விரித்த வலையில் மக்கள் விழுந்துவிட்டார்கள் என்பதுபோல அவர்கள் எழுதினார்கள். மக்கள் அவ்வளவு ஏமாளிகள் அல்லர். சந்தை ஒரு படத்தை விற்றது. அந்தப் படத்தைக் கொண்டு ஒரு திருவிழாவையும் ஒரு விவாதத்தையும் மக்கள் தாமே உருவாக்கிக்கொண்டார்கள். நிறுவனம் வில்லன் என்று எழுதிக் கொடுத்தவனைத் தமக்கு வேண்டிய கேள்விக்குரியவனாக அவர்கள் மாற்றி வாசித்தார்கள். கலாசாரம் என்பது இவ்வாறுதான் இயங்குகிறது. கூத்தும் கோயில் திருவிழாவும்கூட யாரோ ஒருவரின் செலவில் நடந்தவையே. ஆனால் அவற்றின் பொருளைத் தீர்மானித்தவர்கள் செலவு செய்தவர்கள் மாத்திரமல்லர்.

பார்வையாளர்களின் அந்த உரிமையுணர்வு இரண்டாண்டுகளின் பின் துயரமாக வெளிப்பட்டது. அரசனாக நடித்த சட்விக் போஸ்மன் 2020 ஓகஸ்ட் 28ஆம் திகதி தமது 43ஆவது வயதில் பெருங்குடற் புற்றுநோயால் காலமானார். 2016இலேயே நோய் கண்டறியப்பட்டிருந்தும் அதை அவர் வெளியே சொல்லவில்லை. படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையோடு புற்றுநோயுடன் போராடி இறந்துபோன இரு சிறுவர்களைப் பற்றி 2018இல் ஒரு நேர்காணலில் பேசுகையில் அவர் கலங்கி அழுதார். அவ்வேளையில் அவரும் நோயாளியே என்பதை உலகம் பின்னரே அறிந்தது. பல நாடுகளிலும் குழந்தைகள் தமது பொம்மைகளை வரிசையாக நிறுத்தி, நெஞ்சின் குறுக்கே கைகளை மடித்து அவருக்கு அஞ்சலி செலுத்திய படங்கள் வெளியாகின. 2022 நவம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில் அவருடைய இடத்துக்கு வேறொருவரைப் போடவில்லை. படம் அரசனின் மரணச் சடங்குடன் தொடங்கியது. வேறு நடிகரைக் கொண்டேனும் அந்தப் பாத்திரத்தைத் தொடர வேண்டும், எமது பிள்ளைகளுக்கு அந்த அரசன் வேண்டும் என்று கேட்டு மனு அனுப்பியவர்களும் இருந்தார்கள். ஒரு வியாபாரப் பண்டத்தைப் பற்றி எவரும் இவ்வாறு வழக்காடுவதில்லை. தமக்குச் சொந்தமான ஒன்றைப் பற்றியே வழக்காடுவர்.

வகாண்டா என்ற நாடு எந்தத் தேசப்படத்திலும் இல்லை. அதற்குச் சென்று வருவதற்கு ஒரு நுழைவுச்சீட்டின் விலையே கட்டணமாக இருந்தது. அங்கிருந்து திரும்பியவர்களின் வாழ்க்கை மறுநாள் மாறிவிடவில்லை; 2020 மே மாதம் மினியாபொலிஸ் வீதியில் ஜோர்ஜ் புளொய்ட் கொல்லப்பட்டதைத் தடுக்கும் வல்லமை எந்தத் திரை அரசனுக்கும் இருக்கவில்லை. எனினும் தலைகுனிந்து நிற்காத தம்மைத் தாமே ஒருமுறை பார்த்துவிட்ட மக்களிடம், குனிந்து நிற்பதே உங்கள் இயல்பு என்று இனிமேல் சொல்வது அத்தனை இலகுவாக இராது.