வாடகையில்லாத லயத்துக்கு நாம் கொடுக்கும் விலை

சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போதெல்லாம் கம்பனிகளின் பக்கத்திலிருந்து ஒரே கணக்குத்தான் வருகிறது. நாட்சம்பளம் இவ்வளவு, சேமலாப நிதி இவ்வளவு, அதற்கு மேல் வீடு, தண்ணீர், பிள்ளை மடுவம் எல்லாம் இலவசம் என்பார்கள். வாடகை கொடுக்காமல் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேலும் என்ன வேண்டும் என்பது அதன் உட்பொருள். டவுனில் கடை வைத்திருப்பவர்கள்கூட நம்மிடம் இதையே சொல்கிறார்கள்.

இந்த 'இலவச வீடு' என்ற பேச்சை இம்முறை கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. போராடித்தான் வாங்கினோம். ஆனாலும் அடகுக்கடையில் இருக்கும் தோடு வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. விலைவாசி ஒரு காரணம், அது எல்லோருக்கும் தெரியும். யாரும் கணக்கில் எடுக்காத இன்னொரு காரணம் நாம் படுத்து எழும்பும் காம்பரா.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. வெள்ளைக்காரத் தொரைமார், வந்த ஆட்கள் சில வருடம் உழைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள் என்ற நினைப்பில் கட்டியது. வந்தவர்கள் போகவில்லை. நாலாம், ஐந்தாம் தலைமுறை அதே சுவருக்குள் இருக்கிறது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, பின்னர் 53 வருடக் குத்தகையும் எழுதப்பட்டது. இப்போது காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, குடியிருப்பு மட்டும் நம்முடையது.

கூரை ஒழுகும்போதுதான் இதன் அர்த்தம் புரியும். ஆபீசில் போய்ச் சொன்னால் இந்த வருடம் காசு ஒதுக்கவில்லை என்பார்கள். பிரதேச சபைக்குப் போனால், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் செலவு செய்ய அவர்களுக்கு அதிகாரமே இருக்கவில்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குப் பிறகும் ரோட்டுக்குக் கொங்கிரீட் போடுகிறார்களே தவிர லயத்தின் கூரையில் யாரும் கை வைப்பதில்லை. கடைசியில் தகரத்தையும் தறப்பாளையும் நாமே வாங்குகிறோம். ஒரு மூடை சீமெந்துக்கு ஒரு நாள் பேர் போதாது. இடி மின்னலோடு மழை இறங்கும் மாதத்தில் கொழுந்துக் காசில் முதலில் வெட்டு விழுவது இதற்குத்தான். அடுத்த வருடமும் அதே தகரத்தைத்தான் மாற்றுகிறோம். முப்பது வருடம் இப்படிச் செலவழித்த ஒரு குடும்பத்திடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூடக் கிடையாது. நாம் திருத்துவது இன்னொருவரின் சொத்தை.

இதைவிடப் பெரிய இழப்பு சேமலாப நிதியில் நடக்கிறது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அந்தக் காசை எடுக்கலாம். அம்மா எடுத்த காசில் பின்பக்கம் ஒரு காம்பராவும் குசினியும் கட்டுவார்கள், அப்பா எடுத்த காசில் முன்பக்கம் சிலாப் போடுவார்கள். மகன் கல்யாணம் கட்டியிருப்பான், வேறு வழியில்லை. ஓர் ஆயுள் முழுவதும் மலையில் நின்ற உழைப்பு அப்படியே குத்தகைக் காணிக்குள் இறங்கிவிடுகிறது. விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. அனுமதியில்லாமல் கட்டினாய் என்று ஆபீசிலிருந்து கடிதம் வந்தால் அதற்குப் பதில் சொல்லவும் கையில் எதுவுமில்லை.

வேலையில் இருக்கும்போதே சேமலாப நிதியில் 30 வீதம் வரை வீட்டுக்காக எடுக்கலாம் என்று 2012இல் சட்டம் வந்தது. பத்து வருட வேலையும் கணக்கில் மூன்று இலட்சம் ரூபாவும் இருக்க வேண்டும். நம் ஆட்களில் பலருக்கு இந்தத் தகுதி இருக்கிறது. ஆனால் வீடு கட்ட என்று விண்ணப்பம் போட்டால் காணி உறுதி எங்கே, வரைபடம் எங்கே என்றுதான் கேள்வி வரும். வங்கியும் அதையே கேட்கிறது. நம்முடைய காசு, நம்முடைய பெயரில் கிடக்கிறது, எடுத்துக் கூரை போட முடியவில்லை. உறுதி உள்ளவன் வங்கியில் வருட வட்டிக்குக் கடன் எடுக்கிறான். நாம் தாலிக்கொடியை அடகு வைக்கிறோம், அல்லது குழுக் கடன் எடுத்துக் கிழமைக்குக் கிழமை லயத்து வாசலுக்கு வருபவர்களிடம் தவணை கட்டுகிறோம். ஒரே சீமெந்து, ஒரே தகரம். அவனைவிட நாம் கூடுதலாகக் கொடுப்பது வட்டியில்தான். கிராமத்து வீட்டையும் தோட்டத்து வீட்டையும் ஒப்பிடுகிறவர்கள் இந்த வட்டியையும் சேர்த்துப் பேச வேண்டும்.

சரி, சொந்தமாகவே கட்டிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் நான்காம் கட்டத்தில் 550 சதுர அடி வீடொன்றுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 28 இலட்சம் ரூபா. 2024இல் கிடைத்த 1350 ரூபா நாட்சம்பளத்தில் அது 2074 பேர். மாதம் 25 நாள் வேலை கிடைக்கிறது என்று வைத்தாலும் கிட்டத்தட்ட ஏழு வருடம், அதுவும் ஒரு ரூபாவுக்குச் சோறு தின்னாமல். வறட்சிக் காலத்தில் 25 நாள் எந்தத் தோட்டத்தில் கிடைக்கிறது என்று வாசிக்கிற உங்களுக்கே தெரியும். இதில் காணியின் விலை சேரவில்லை.

ஆகவே பிள்ளைகள் வெளியே போகிறார்கள். இரண்டாவது மகனுக்குக் கல்யாணம் என்றால் இஸ்தோப்பை மறைத்து ஒரு படுக்கை போடலாம், மூன்றாவதுக்கு இடமே இல்லை. கொழும்பில் கடையிலோ ஹோட்டலிலோ வேலை, போர்டிங்கில் நாலு பேரோடு ஒரு அறை, அதற்கு மாத வாடகை. வீட்டுக்கு அனுப்ப நினைத்த காசு அங்கேயே முடிந்துவிடுகிறது. தோட்டத்தில் இருப்பவர்களின் நிலையும் இறுக்கமானதுதான். குடும்பத்தில் ஒருவராவது பேர் போட வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவைப் பற்றிப் பேச்சு எழும் என்ற பயம் பல லயங்களில் இருக்கிறது. முதுகு வலியோடு அறுபது வயதிலும் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிற ஆத்தாமாரைக் கேட்டுப் பாருங்கள். அந்த நாட்சம்பளத்துக்கு ஆசைப்பட்டுப் போகிறவர்களைவிட வீட்டைக் காப்பாற்றப் போகிறவர்கள்தான் அதிகம்.

பாடசாலையில் படிப்பிக்கும் நாங்கள் இதை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்கிறோம். இடாப்பில் முகவரி என்ற நிரலில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கும் தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும்தான் இருக்கும், வீட்டு இலக்கம் இருக்காது. கடிதம் ஆபீசுக்கு வந்து, அங்கே கிடந்து, யாரிடமோ கொடுத்தனுப்பப்பட்டு வீட்டுக்கு வருகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒரே காம்பராவில் ஏழு பேர், ஒரு பல்ப், பக்கத்துக் காம்பராவில் டீவி. ஒன்பதாம் வகுப்பு வரை கெட்டிக்காரியாக இருந்த பிள்ளை சாதாரண தரத்தில் கணிதத்தில் தவறினால் பிள்ளைக்கு மண்டை இல்லை என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு ஒரு மேசை வைக்க இடமிருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் பிள்ளையை டவுனில் தங்க வைத்துப் படிக்க வைக்கிறார்கள். அதுவும் வீடு இல்லாததால் வருகிற செலவுதான்.

காணி உறுதி கொடுத்தால் தோட்டத்து ஆட்கள் விற்றுக் குடித்துவிடுவார்கள் என்று சில அதிகாரிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்த நாட்டில் குடியேற்றத் திட்டங்களில் காணி வாங்கிய எவரிடமும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டுக் காணி மறுக்கப்படவில்லை. விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டுமானால் அதை உறுதியிலேயே நிபந்தனையாக எழுதலாம். அதைச் சாக்காக வைத்து உறுதியே கொடுக்காமல் இருப்பது நம்மைப் பற்றிய பழைய எண்ணம், வேறொன்றுமில்லை.

நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகள். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது நம் தாத்தாமார் கனவிலும் காணாத விடயம். ஆனால் லயத்தில் இருக்கும் குடும்பங்கள் இலட்சத்துக்கும் மேல். இந்த வேகத்தில் போனால் இன்றைக்கு முதலாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையும் லயத்தில்தான் கல்யாணம் கட்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும், ஆபத்து என்று முன்பே சொல்லப்பட்ட இடத்தில்தான் ஆட்கள் இருந்தார்கள். போவதற்கு வேறு காணி யாரும் காட்டவில்லை.

ஆகவே அடுத்த பேச்சுவார்த்தைக்குச் சங்கம் கொண்டுபோக வேண்டியது சம்பளத் தொகை மட்டுமல்ல. வீடு எப்போது கட்டினாலும் சரி, காணி முதலில் அளந்து உறுதி வரவேண்டும். அந்த உறுதி புருசன் பெண்சாதி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீட்டில் கொழுந்துக் காசு பெண்ணின் கையால் வருவது. ஓய்வு பெற்றவர்களையும் வெளியே வேலை செய்பவர்களையும் பட்டியலிலிருந்து வெட்டக்கூடாது. பட்டியலை யார் தயாரித்தாலும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும். எந்தத் தலைவர் அடிக்கல் நாட்டினார் என்பது நமக்குப் பெரிய விடயமில்லை.

நம் பக்கத்திலும் இப்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, செக்ரோலில் வேறொரு பெயர், சேமலாப நிதியில் இன்னொன்று. இப்படி இருந்தால் உறுதி எழுதும் நாளில் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். விவாகப் பதிவு இல்லாத குடும்பங்களும் இருக்கின்றன. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, வாக்காளர் இடாப்புப் பிரதி, சேமலாப நிதிக் கூற்று ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். வித்தியாசம் இருந்தால் சத்தியக்கடதாசியும் திருத்த விண்ணப்பமும் எழுதித் தர, படிப்பிக்கும் நாங்கள் சனிக்கிழமை பின்னேரங்களில் பாடசாலையில் இருப்போம்.