விடையும் விடைபெறுதலும்



அமெரிக்காவில் 1990-இல் தொடங்கி 1991-இல் நின்றுபோன மர்மத் தொலைக்காட்சித் தொடர் 'ட்வின் பீக்ஸ்'. இயக்குநர் டேவிட் லிஞ்ச் அதனை 2017-இல் 18 பகுதிகளாக மீண்டும் அளித்தார். விடைக்காகக் காத்திருந்த இரசிகர்களுக்குப் புதிய புதிர்களே கிட்டின. முடிவின் பொருள் குறித்து இன்றும் வாதிடுகின்றனர்.

ஆயினும் ஒரு காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. மரக்கட்டையை ஏந்தி வரும் பெண்ணாக நடித்தவர் கேத்தரின் கூல்சன். புற்றுநோயால் நலிந்திருந்த அவர், 2015-இல் தாம் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்னர் அக்காட்சியில் நடித்தார். கதையிலும் அப்பெண், தன் மரணம் நெருங்கியதைத் தொலைபேசியில் நண்பரிடம் கூறி விடைபெறுகிறாள். நண்பர் மறுத்துரைக்கவில்லை, பொய்த் தேறுதல் கூறவுமில்லை, செவிமடுக்கிறார்.

நோயுற்றோர் நம்மிடம் விடைபெற விழையும்போது, நாம் அவ்வாறு செவிமடுக்கின்றோமா?