ஆப்பிளின் இலாபம்: இசைப்பெட்டியா, கணினியா?

ஆப்பிள் நிறுவனத்தைக் காப்பாற்றியது ஐபாட் என்பது இன்று ஏறக்குறைய ஒரு பழமொழியாகிவிட்டது. சட்டைப்பையில் அடங்கும் அந்த இசைப்பெட்டி இல்லாமற்போயிருந்தால் நிறுவனமே மூழ்கியிருக்கும் என்கிறார்கள். இதற்கு நேரெதிரான கட்சியும் உண்டு. மெக்கின்டாஷ் கணினியின் நெடுங்கால அன்பர்கள், ஐபாட் எண்ணிக்கையில்தான் பெரிது, காசு வந்ததெல்லாம் கணினியிலிருந்தே என்று வாதிடுவர். 2005 தொடங்கி 2007 வரை இவ்வழக்கு இணையத்தில் சூடாக நடந்தது. ஐபாட் வரிசையின் கடைசிப் பெட்டியும் 2022 மே மாதத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே இனி யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம். இரு கட்சியினரும் விற்பனைக் கணக்கைக் காட்டிவிட்டு அதற்கு இலாபம் என்று பெயரிட்டார்கள் என்பதே நம் கருத்து. விற்பனை வேறு, இலாபம் வேறு.

முதலில் பின்புலம். 1997ஆம் நிதியாண்டில் ஆப்பிளின் இழப்பு 100 கோடி டாலருக்கும் மேல். அவ்வாண்டு ஆகஸ்டில் போட்டியாளரான மைக்ரோசாஃப்டே 15 கோடி டாலர் முதலீடு செய்யவேண்டிய நிலை. 1998இல் வந்த ஐமேக் நிறுவனத்தை எழுந்து உட்காரவைத்தது, ஓடவைக்கவில்லை. செப்டம்பரில் முடியும் 2001ஆம் நிதியாண்டில் மீண்டும் 2.5 கோடி டாலர் நட்டம். அது முடிந்த அடுத்த மாதம், அக்டோபர் 23 அன்று, 399 டாலர் விலையில் முதல் ஐபாட் அறிமுகமாயிற்று. பலரும் அதை வசதியுள்ளவர்களின் விளையாட்டுப் பொருளாகவே எண்ணினார்கள். அப்படி எண்ணியதில் தவறில்லை என்பதுபோலத்தான் முதலிரண்டு ஆண்டுக் கணக்கும் இருந்தது.

2002ஆம் நிதியாண்டில் கணினி விற்பனை 453 கோடி டாலர், ஐபாட் 14 கோடி. 2003இல் கணினி 449 கோடி, ஐபாட் 34 கோடி. 2004இல் கணினி 492 கோடி, ஐபாட் 131 கோடி. 2005இல் கணினி 627 கோடி, ஐபாட் 454 கோடி. 2006இல் கணினி 737 கோடி, ஐபாட் 768 கோடி. நிதியாண்டுக் கணக்கில் இசைப்பெட்டி கணினியை முந்தியது இந்த ஓர் ஆண்டில் மட்டுமே. 2007இல் கணினி 1,031 கோடியாக உயர்ந்தது. ஐபாட் 831 கோடியில் நின்றது. ஐபாட் ஆப்பிளை ஆண்ட காலம் என்று நாம் நினைவில் வைத்திருப்பது உண்மையில் பன்னிரண்டே மாதங்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் தோற்றம் மாறும். 2006இல் விற்ற ஐபாட்கள் 3.94 கோடி, கணினிகள் 53 இலட்சம். வீதியில் கண்ணில் பட்டவை வெள்ளைக் கம்பியும் காதொலிப்பானும்தான். கணினி வீட்டுக்குள் இருந்தது. எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் இசைப்பெட்டிக்கும், ஒரு பெட்டிக்குச் சராசரியாகக் கிடைத்த விலையைப் பார்த்தவர்கள் கணினிக்கும் வாக்களித்தார்கள். ஓர் ஐபாட் சராசரியாக 195 டாலர் ஈட்டித்தந்தது. ஒரு கணினி ஏறக்குறைய 1,390 டாலர்.

இதில் இலாபம் எங்கே இருக்கிறது? ஆண்டறிக்கையில் தேடினால் கிடைக்காது. ஆப்பிள் தன் விற்பனையைப் பொருள்வாரியாகவும், செயல்பாட்டு இலாபத்தை அமெரிக்கக் கண்டங்கள், ஐரோப்பா, ஜப்பான், சொந்தக் கடைகள் என்று பிரிவுவாரியாகவும் வெளியிட்டுவந்தது. கணினியால் இவ்வளவு இலாபம், ஐபாடால் இவ்வளவு என்று அந்த ஆண்டுகளில் ஒருபோதும் பிரித்துச் சொன்னதில்லை. ஆகவே அன்று அடித்துச் சொன்ன அனைவரும் ஊகித்தே சொன்னார்கள். ஊகிப்பது குற்றமன்று. எதிலிருந்து எதை ஊகிக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

ஊகிக்க உதவும் தடயம் ஒன்று உண்டு. 2004இல் மொத்த விற்பனையில் ஐபாடின் பங்கு 16 விழுக்காடு. 2006இல் 40 விழுக்காடு. மலிவான மின்னணுப் பெட்டியில் இலாபம் குறைவு, கணினியில்தான் அதிகம் என்ற வாதம் மெய்யானால், ஐபாடின் பங்கு இவ்வளவு பெருகும்போது நிறுவனத்தின் மொத்த இலாப விகிதம் சரிந்திருக்கவேண்டும். சரியவில்லை. 2004இல் 27 விழுக்காடாக இருந்தது 2006இல் 29 ஆனது. ஐபாட் கணினிக்கு இளைத்த பொருள் அன்று என்பதற்கு இது போதும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்து ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. 299 டாலருக்குக் கடையில் விற்ற 30 கிகாபைட் ஐபாட் ஒன்றை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, யாருக்கு எவ்வளவு போகிறது என்று அவர்கள் கணித்தார்கள். விநியோகத்துக்கும் கடைக்கும் 75 டாலர். ஆப்பிளுக்கு 80 டாலர். தோஷிபாவின் வன்தட்டுக்கு விலை 73 டாலர். சீனத்தில் அதைப் பூட்டி முடித்தவர்களின் கூலிக்கும் தொழிற்சாலைக்கும் சேர்த்துச் சுமார் 4 டாலர். இசைப்பெட்டியா கணினியா என்று நாம் வழக்காடிய அந்த இலாபத்தில் பொருளைக் கையால் செய்தவர்களுக்கு எவ்வளவு என்ற வினா அன்று எக்கட்சியிலும் எழவில்லை என்பதையும் இவ்விடத்தில் குறித்துவைக்கவேண்டும்.

இதைவிட முக்கியமான தடயம் செலவுப் பக்கத்தில் இருக்கிறது. 2004இல் ஆப்பிளின் நிகர இலாபம் 27 கோடி டாலர் அளவு. 2006இல் 199 கோடி. விற்பனை இரு மடங்கைச் சற்றே தாண்ட, இலாபம் ஏழு மடங்கானது. மொத்த இலாப விகிதம் இரண்டே புள்ளிகள் உயர்ந்திருக்கும்போது இது எப்படி நடந்தது? 2004இல் நூறு டாலருக்கு விற்றால் பொருளின் அடக்கவிலை போக 27 டாலர் மிஞ்சியது. அதில் ஆராய்ச்சி, விளம்பரம், கடைகள், நிர்வாகம் ஆகியவற்றுக்கு 23 டாலர் போயிற்று. கையில் நின்றது 4 டாலர். 2006இல் நூறு டாலருக்கு 29 டாலர் மிஞ்ச, அச்செலவுகள் 16 டாலராகிவிட்டன. கையில் நின்றது 13 டாலர். செலவு குறைந்துவிடவில்லை, 191 கோடியிலிருந்து 314 கோடி டாலராக அது வளரத்தான் செய்தது. விற்பனை அதைவிட வேகமாக வளர்ந்தது. அந்த ஈராண்டில் கூடிய 1,100 கோடி டாலர் விற்பனையில் பாதிக்கும் மேல், 637 கோடி, ஐபாடிலிருந்து வந்தது. கணினி கூட்டியது 245 கோடி.

ஆக, ஐபாட் செய்த பேருதவி தனிப்பெட்டிக்குக் கிடைத்த இலாபத்தில் மட்டும் இல்லை. கணினி ஒன்றை மட்டும் நம்பித் தாங்கமுடியாத வீட்டுச்செலவை அது பங்குபோட்டுக்கொண்டது. எண்ணிக்கை பெருகியதால் வேறொரு வலிமையும் கிடைத்தது. 2005 நவம்பரில் சாம்சங், தோஷிபா, ஹைனிக்ஸ், மைக்ரான், இன்டெல் ஆகிய ஐந்து நிறுவனங்களிடம் நினைவகச் சில்லுகளுக்காக 125 கோடி டாலர் முன்பணம் தர ஆப்பிளால் முடிந்தது. போட்டியாளர்கள் சில்லுக்கு அலைந்துகொண்டிருக்க, இவர்கள் ஆண்டுக்கணக்கில் வழங்கலை உறுதிசெய்துகொண்டார்கள். ஆண்டுக்கு முப்பது இலட்சம் கணினி விற்கும் நிறுவனம் இப்படி முன்பணம் கட்டி வாங்கியிருக்காது.

அப்படியானால் வழக்கு ஐபாட் பக்கம் தீர்ந்ததா என்றால், இல்லை. 2002இல் ஐபாட் ஈட்டிய 14 கோடி டாலரை நினைவில் கொள்வோம். அவ்வாண்டு ஆப்பிள் ஆராய்ச்சிக்கு மட்டும் செலவிட்டது ஏறக்குறைய 45 கோடி. அந்தக் காசு கணினி விற்ற காசு. விதைநெல் அங்கிருந்து வந்தது. ஐபாடை மற்ற இசைப்பெட்டிகளிலிருந்து வேறுபடுத்திக் காட்டிய ஐடியூன்ஸ், 2000இல் விலைக்கு வாங்கிய சவுண்ட்ஜாம் என்னும் மேக் மென்பொருளிலிருந்து உருவாகி, ஐபாடுக்கு ஒன்பது மாதம் முன்பே மேக் கணினிகளுக்காக வெளிவந்தது. ஆயிரம் பாடல்களைச் சில நிமிடங்களில் கடத்திய ஃபயர்வயர் இணைப்பும் மேக் கணினிகளில் ஏற்கெனவே இருந்தது. அக்காலத்து யுஎஸ்பி இணைப்பு அவ்வேலையைச் செய்யப் பொழுது போதாது. 2001 மே மாதம் திறந்த ஆப்பிள் கடைகள் கணினி விற்கத்தான் திறக்கப்பட்டன.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. ஐபாடின் உள்ளே இயங்கிய மென்பொருளுக்கு அடித்தளம் பிக்ஸோ என்ற வெளி நிறுவனத்துடையது. அதன் மையச் சில்லு போர்ட்டல்பிளேயருடையது. மேக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்றிருந்தவரை அது தவழ்ந்துகொண்டுதான் இருந்தது. 2003 ஏப்ரலில் பாடல் ஒன்று 99 சென்ட் என்று இணையக் கடை திறந்து, அக்டோபரில் விண்டோஸ் கணினிக்கும் ஐடியூன்ஸ் வந்தபிறகே அது பாய்ந்தது. ஐபாட் வளர்ந்த வீடு கணினியுடையது. வீட்டின் கதவைத் திறந்துவிட்டபின்தான் அது வளர்ந்தது.

கதவு திறந்தபின் வெளியே போனது இசைப்பெட்டி மட்டுமன்று, உள்ளே வந்தவர்களும் உண்டு. 2002, 2003 ஆண்டுகளில் அசையாமல் நின்ற கணினி விற்பனை, ஐபாட் பாய்ந்த 2004க்குப் பிறகே ஏறத்தொடங்கியது. இதை ஐபாடின் ஒளிவட்டம் என்றார்கள். ஆப்பிள் கடைகளில் கணினி வாங்குவோரில் பாதிப்பேர் மேக்குக்குப் புதியவர்கள் என்று நிறுவனமும் சொல்லிவந்தது. எனினும் எல்லாவற்றையும் ஒளிவட்டத்தின் கணக்கில் எழுத நாம் தயங்குகிறோம். 2005 ஜனவரியில் விலை குறைந்த மேக் மினி வந்தது. 2006 ஜனவரி முதல் மேக் கணினிகள் இன்டெல் சில்லுக்கு மாறின. விண்டோஸையும் அதிலேயே ஓட்டலாம் என்றானது. இவற்றில் எது எத்தனை பேரை அழைத்துவந்தது என்று எந்தப் பேரேடும் சொல்லாது.

பேரேட்டை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். 2002 இறுதியில் மொத்த விற்பனையில் இரண்டரை விழுக்காடே ஈட்டிய பொருளை நிறுத்திவிடு என்று எந்தக் கணக்காளரும் சொல்லியிருப்பார். 2006 இறுதியில், எண்ணிக்கையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத கணினியை ஒதுக்கிவிட்டு இசையைக் கவனி என்று இன்னொருவர் சொல்லியிருப்பார். இரண்டு அறிவுரைக்கும் அந்தந்த ஆண்டின் கணக்கில் ஆதாரம் இருந்தது; இரண்டுமே நிறுவனத்தைக் கெடுத்திருக்கும். முதலாவதைக் கேட்டிருந்தால் ஐபாட் இல்லை. இரண்டாவதைக் கேட்டிருந்தால், மேக்கின் இயங்குதளத்திலிருந்து பிறந்த ஐபோனின் மென்பொருள் அறுபட்டிருக்கும். பதிப்பகம் நடத்துவோர் இதை எளிதில் அறிவர். விற்கும் நூலின் காசில் விற்காத நூல் அச்சேறுகிறது. விற்காத நூல்கள் தந்த பெயரால் விற்கும் நூல் கடைக்குப் போகிறது. எந்த நூல் பதிப்பகத்தை நடத்துகிறது என்று கேட்டால் நேர்மையான பதிப்பாளர் ஒரு தலைப்பைச் சொல்லமாட்டார்.

2007 ஜனவரியில் ஐபோனை அறிவித்த அதே நாளில் ஆப்பிள் தன் பெயரிலிருந்து கணினி என்ற சொல்லை எடுத்துவிட்டது. இசைக் கட்சி வென்றுவிட்டதாகப் பலர் எண்ணினார்கள். பின்னர் நடந்தது வேறு. இசைப்பெட்டி தொலைபேசிக்குள் கரைந்தது. 2015ஆம் நிதியாண்டு முதல் அறிக்கையில் ஐபாடுக்குத் தனி வரிகூட இல்லை. பெயரை இழந்த கணினியோ 2024ஆம் நிதியாண்டில் ஏறக்குறைய 3,000 கோடி டாலர் விற்றது. 2006இல் விற்றதைப்போல் நான்கு மடங்கு. தொலைபேசிக்கென வளர்த்தெடுத்த சில்லு நுட்பமே 2020 முதல் அந்தக் கணினிகளை இயக்குகிறது. கணினி ஐபாடுக்கும் ஐபோனுக்கும் கொடுத்தது இவ்வழியில் திரும்பிவந்தது.

பழைய வழக்கு இப்போது வேறு பெயரில் தொடர்கிறது. 2024இல் மொத்த விற்பனை 39,100 கோடி டாலரில் பாதிக்குச் சற்று மேல் ஐபோனுடையது. செயலிக்கடை, இசைச் சந்தா, விளம்பரம் முதலிய சேவைகள் கால்பங்கு. 2019ஆம் நிதியாண்டு முதல் எத்தனை பெட்டி விற்றது என்று சொல்வதை ஆப்பிள் நிறுத்திவிட்டது. பதிலாகப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் மொத்த இலாபத்தைத் தனித்தனியே தருகிறது. அதன்படி 2024இல் பொருள்களில் நூற்றுக்கு 37, சேவைகளில் நூற்றுக்கு 74. விற்பனையில் கால்பங்கான சேவைகள் மொத்த இலாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. உடனே, இனி ஆப்பிள் ஒரு சேவை நிறுவனம் என்கிறார்கள். கையில் அந்தத் தொலைபேசி இல்லாதவர் எத்தனை பேர் அச்சேவைகளை வாங்குவர் என்ற கேள்வியை அவ்வட்டவணை கேட்பதில்லை.

வழக்குக்கு நாம் தரும் தீர்ப்பு இதுதான். 2004க்கும் 2006க்கும் இடையில் ஆப்பிளின் இலாபம் பெருகியதற்கு முதற்காரணம் ஐபாட், அதில் ஐயமில்லை. அந்த ஐபாடை உண்டாக்கக் காசும் கருவியும் கொடுத்தது கணினி, அதிலும் ஐயமில்லை. கூட்டுக் குடும்பத்தில் இவ்வாண்டு அதிகம் சம்பாதித்த மகனைக் கொண்டாடலாம். அவனைப் படிக்கவைத்தவனைத் தண்டச்சோறு என்பது கணக்காகாது.